குழந்தையின் காது வலி: அந்த ராத்திரிகளுக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

அழுகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையில் போனைப் பிடித்தபடி இதைப் படிக்கிறீர்கள் என்றால், என் கதையை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் இதைப் பாருங்கள். காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பின் மேல் வீக்கமோ சிவப்போ இருக்கிறதா, அந்தப் பக்கக் காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறதா, கழுத்தை வளைக்க முடியாமல் விறைப்பாக இருக்கிறதா, முகம் ஒரு பக்கம் இழுத்த மாதிரி இருக்கிறதா, நிற்க முடியாமல் தள்ளாடுகிறதா, எழுப்ப முடியாத அளவுக்குத் துவண்டு கிடக்கிறதா, விடாமல் வாந்தி எடுக்கிறதா. இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தாலும் அப்படித்தான். காதுக்குள் பட்டன் பேட்டரி போட்டுக்கொண்டதாகச் சந்தேகம் வந்தாலும் உடனே போக வேண்டும், அது சில மணி நேரத்திலேயே உள்ளே சதையை அரித்துவிடும். இது எதுவும் இல்லையா, சரி, கொஞ்சம் மூச்சு விடுங்கள். இது பெரும்பாலும் வீட்டிலேயே சமாளிக்கக்கூடிய ராத்திரிதான். எனக்கு இதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. மனைவி வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தாள், வீட்டில் நானும் குழந்தையும் மட்டும். சில நாளாகவே சளி, மூக்கு ஒழுகல், லேசான காய்ச்சல் என்று போய்க்கொண்டிருந்தது. வழக்கமான சளிதானே என்று இருந்தேன். அன்று சாயங்காலம் கொஞ்சம் சிணுங்கினாள், சரியாகச் சாப்பிடவில்லை, விழுங்கும்போது முகத்தைச் சுளித்தாள். படுக்க வைத்துக் கொஞ்ச நேரத்தில் வீறிட்டு எழுந்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, வயிறு என்றாள், தலை என்றாள், கடைசியில் "அப்பா, உள்ள குத்துது" என்று வலது பக்கத் தலையை என் தோளில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோளில் நிமிர்த்தித் தூக்கி வைத்திருந்தால் அழுகை குறைந்தது, படுக்க வைத்தால் மறுபடியும் வீறிட்டாள். அந்த ஒரு விஷயமே ஒரு துப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது, யூஸ்டேஷியன் குழாய் என்பார்கள். காதுக்குள் காற்றழுத்தத்தைச் சமன் செய்வதும் அங்கே சேருகிற நீரை வடிப்பதும் அதன் வேலை. பெரியவர்களுக்கு அது சரிவாக இருக்கும், சின்னக் குழந்தைகளுக்குக் குட்டையாக, குறுகலாக, கிட்டத்தட்டப் படுக்கை வாக்கில் இருக்கும். சளி பிடித்தால் அந்தக் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும், நீர் செவிப்பறைக்குப் பின்னால் தேங்கும், அதில் கிருமி வளர்ந்தால் சீழ் கட்டிச் செவிப்பறையை உள்ளிருந்து வெளியே தள்ளும். அந்த அழுத்தம்தான் வலி. படுத்தால் அழுத்தம் கூடும், அதனால்தான் பகலெல்லாம் ஓடி விளையாடிய குழந்தை ராத்திரியில் துடிக்கிறது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை இது ரொம்ப சகஜம், அதற்கு மேலும் பள்ளிக்கூட வயது வரை வரும். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பயன் உண்டு. பிரச்சினை செவிப்பறைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வெளியிலிருந்து காதுக்குள் நாம் எதை விட்டாலும் செவிப்பறை முழுசாக இருக்கும்வரை அது அங்கே போய்ச் சேராது.

அக்காவுக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்திலேயே, "டேய், எண்ணெய லேசா சூடு பண்ணி ரெண்டு சொட்டு விடுடா, உடனே கேக்கும்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள், எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார்கள். வீட்டில் காதுக்குள் விடுகிற மாதிரி எதுவும் கைக்கெட்டவில்லை என்பதால் விடாமல் போனேன், மறுநாள் ராத்திரி நடந்ததை நினைத்தால் அது நல்லதாகவே போயிற்று. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து நமக்குத் தெரியாது. இருந்தால் எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் போகும். சூடு கொஞ்சம் கூடினாலும் உள்ளே கொப்பளித்துவிடும். மறுநாள் டாக்டர் உள்ளே பார்க்க நினைத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கில் எதுவும் தெரியாது. பூண்டுச் சாறு, ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பட்ஸ் விட்டுக் குடைவது இன்னும் மோசம், குரும்பியை உள்ளே தள்ளி அடைத்துவிடும், குழந்தை தலையை வெடுக்கென்று திருப்பினால் செவிப்பறையிலேயே குத்திவிடும்.

அந்த ராத்திரி உண்மையில் உதவியது வலி மருந்து ஒன்றுதான், ஆனால் அதைக் கொடுக்கிற இடத்தில்தான் எனக்கு நேரம் வீணானது. அலமாரியில் பாராசிட்டமால் இரண்டு பாட்டில் இருந்தது. ஒன்றில் 5 மி.லி.யில் 120 மில்லிகிராம் என்று போட்டிருந்தது, இன்னொன்றில் 5 மி.லி.யில் 250. பாதி அழிந்த லேபிளை போன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, போன தடவை எதை எவ்வளவு கொடுத்தோம் என்று நினைவுக்கு வராமல், குழந்தை அழ அழ நின்றுகொண்டிருந்தேன். அதிகமாகப் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் கை நடுங்கியது. அதனால் இதைப் பகலிலேயே செய்து வையுங்கள். குழந்தையின் எடை தெரிய வேண்டும், வயதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எடை மெஷினில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை ஏறிக் கழித்துப் பார்த்தால் போதும். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். என் மகள் 13 கிலோ, 15 வீதம் பார்த்தால் 195 மில்லிகிராம். 120 பாட்டிலில் அது சுமார் 8 மி.லி., 250 பாட்டிலில் 4 மி.லி.க்குச் சற்றுக் குறைவு. ஒன்றுக்கு ஒன்று இரண்டு மடங்கு வித்தியாசம். கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ் என்றால் 1 மி.லி.யிலேயே 100 மில்லிகிராம் இருக்கலாம், அதை சிரப் என்று நினைத்து ஊற்றினால் ஆபத்து. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். சமையலறை ஸ்பூனால் அளக்காதீர்கள், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் துப்பாமல் விழுங்கும். அப்புறம் முக்கியமாக, சளிக்கு என்று வாங்கிய கலப்பு சிரப்புகள் பலவற்றில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தெரியாமலேயே அளவு மீறிப் போகும்.

இபுபுரூஃபனும் காது வலிக்கு நன்றாகக் கேட்கும், கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை, 6 முதல் 8 மணி நேர இடைவெளி. ஆனால் ஆறு மாதத்துக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் வேண்டாம், வாந்தி வயிற்றுப்போக்கில் நீர் வற்றிக் கிடக்கிற குழந்தைக்கு வேண்டாம், அம்மையோ டெங்குவோ என்று சந்தேகம் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது, ரேய்ஸ் சிண்ட்ரோம் என்று கல்லீரலையும் மூளையையும் பாதிக்கிற ஒரு ஆபத்து அதில் இருக்கிறது.

மருந்து வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரம்தான் நரகம். தோளில் போட்டு நடந்தேன், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவளை என் மார்பில் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன், வெதுவெதுப்பான துணியைக் காதின் மேல் வைத்தேன், துணியை முதலில் என் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு. சில குழந்தைகளுக்குக் குளிர்ந்த துணிதான் இதமாக இருக்கும், இரண்டையும் வைத்துப் பாருங்கள். சின்னச் சின்ன வாயாகத் தண்ணீர் குடிக்க வைத்தேன், விழுங்கும்போது அந்தக் குழாய் கொஞ்சம் திறக்கும். கைக்குழந்தை என்றால் படுக்க வைத்துப் பாட்டிலில் பால் கொடுக்காதீர்கள், தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள். ஒரு வழியாக அவள் என் மேலேயே தூங்கிப் போனாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு, தனியாக இருக்கும்போது இப்படி ஒன்று வந்துவிட்டதே என்று அழுகை வந்தது, அழுதேன்.

காலையில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். கூட்டம். அரை நாள் உட்கார்ந்திருந்தோம், வேலைக்கு லீவு. உள்ளே போனால் இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. காது வலி என்று சொன்னதும் எழுதத் தொடங்கிவிட்டார், காதுக்குள் பார்க்கவே இல்லை. ஆன்டிபயாடிக், காதுக்குச் சொட்டு மருந்து, சளிக்கு ஒரு சிரப், இருமலுக்கு ஒரு சிரப். கேள்வி கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அத்தனையும் வாங்கினேன். அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் வீண் என்று பிறகுதான் தெரிந்தது. சளி சிரப்பும் அலர்ஜி மருந்தும் நடுக்காதுச் சீழைக் குறைக்காது, தூக்கக் கலக்கம்தான் மிச்சம். சொட்டு மருந்து எதற்கென்றே எழுதப்படவில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டது, இனிமேல் வலிக்காது என்று நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாரும் சொல்லாத விஷயம் என்னவென்றால், ஆன்டிபயாடிக் முதல் 24 மணி நேரத்தில் வலியைக் குறைப்பதில்லை. அது கிருமிக்கான மருந்து. ஆன்டிபயாடிக் தொடங்கிய நாளிலும் அடுத்த நாளிலும் வலி மருந்தை இடைவெளி பார்த்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், குறிப்பாகப் படுக்கப் போவதற்கு முன்.

அன்று ராத்திரி மறுபடியும் வலி, முந்தின ராத்திரியை விட அதிகம். விடியற்காலையில் திடீரென்று அழுகை நின்றுவிட்டது. அப்படியே தூங்கிவிட்டாள், முகம் தெளிந்திருந்தது. அப்பாடா என்று தலையணையைத் தொட்டால் ஈரம். விளக்கைப் போட்டுப் பார்த்தேன், மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒரு கறை, அதன் ஓரத்தில் லேசாக ரத்தம், காதோர முடியெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பே சில்லிட்டுவிட்டது. காது போய்விட்டது, இனிமேல் கேட்காது என்றே நினைத்துவிட்டேன். அந்த நிமிஷம் எனக்கு இருந்த பயத்தை எழுத வார்த்தை இல்லை. நடந்தது என்னவென்றால், அழுத்தம் தாங்காமல் செவிப்பறையில் சின்னதாக ஒரு கிழிசல் விழுந்து சீழ் வெளியே வந்துவிட்டது. அழுத்தம் குறைந்ததும் வலி போய்விட்டது. இது அடிக்கடி நடப்பதுதான், பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். ஆனாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும், பஞ்சை உள்ளே திணித்து அடைக்கக் கூடாது, தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. ஈரத் துணியால் வெளியே வடிந்ததை மட்டும் துடைத்தால் போதும். காய்ச்சல் போகாமல், குழந்தை இன்னும் சோர்ந்து கிடந்தால் அது வேறு விஷயம், தாமதிக்கக் கூடாது.

இந்தத் தடவை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் செய்தது, என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் குழந்தையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டியது. மடியில் பக்கவாட்டில் உட்கார வைத்து, ஒரு கையால் அவள் இரண்டு கைகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் நெற்றியை என் மார்போடு சேர்த்து அழுத்திக்கொள்ள வேண்டும். அவள் கால்களை என் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டால் உதைக்கவும் முடியாது. அப்படிப் பிடித்தால் பார்த்து முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை, இரண்டு காதையும் கருவி வைத்துப் பார்த்தார், வலி இல்லாத காதை முதலில். குழந்தைக்குக் காது வலி என்று போனால் காதுக்குள் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அதில் தப்பே இல்லை. "டாக்டர், செவிப்பறை எப்படி இருக்கு?" என்று ஒரு கேள்வி போதும், பார்க்காதவர்களும் பார்ப்பார்கள். ஏனென்றால் காது வலி எல்லாமே நடுக்காது வலி இல்லை. காது மடலை இழுத்தாலோ காது ஓட்டைக்கு முன்னால் இருக்கிற சின்னக் குருத்தை அழுத்தினாலோ துடித்தால் அது பெரும்பாலும் வெளிக்காதுப் புண், நீச்சலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு வரும், அதற்குச் சொட்டு மருந்துதான் வைத்தியம். பல் சொத்தை, தொண்டைப் புண் வலியும் காதில் தெரியும். பட்டாணியோ மணியோ போட்டுக்கொண்டும் வலிக்கலாம், பயறு மாதிரிப் பொருள் என்றால் தண்ணீர் பட்டதும் ஊதிக்கொள்ளும், அதனால் கழுவி எடுக்கப் பார்க்காதீர்கள். வெறுமனே காதை இழுத்துக்கொண்டிருக்கிற கைக்குழந்தைக்கு, காய்ச்சலோ சிணுங்கலோ இல்லையென்றால், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

முதல் டாக்டர் எழுதிய சொட்டு மருந்தை இவர் எடுத்து வைக்கச் சொன்னார், செவிப்பறையில் ஓட்டை விழுந்தபின் சில வகைச் சொட்டுகள் உள்காதைப் பாதிக்கக்கூடும், அதற்கேற்ற மருந்தாக இருந்தால்தான் விடலாம். ஆன்டிபயாடிக்கைத் தொடரச் சொன்னார், சீழ் வந்துவிட்டதால் இப்போது அது தேவை, வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்த வேண்டாம், சொன்ன நாள் வரை கொடுங்கள் என்றார். எல்லாக் குழந்தைக்கும் முதல் நாளே ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று கேட்டேன். இல்லை என்றார். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. இரண்டு வயதைத் தாண்டிய குழந்தை, வலி லேசாக, காய்ச்சல் 102.2 டிகிரிக்குக் கீழே, காதில் சீழ் வடியவில்லை என்றால், வலி மருந்து மட்டும் கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் பார்க்கலாம், அதற்குள் குறையவில்லை என்றாலோ கூடினாலோ ஆன்டிபயாடிக் தொடங்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வயதுக்குள் என்றால் ஒரு காதில் மட்டும் லேசாக இருந்தால் இப்படிக் காத்திருக்கலாம், இரண்டு காதிலும் என்றால் மருந்து தேவை. ஆறு மாதத்துக்குக் கீழே காத்திருப்பதே கிடையாது. இந்த முடிவை டாக்டர் காதைப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும், நாம் வீட்டில் உட்கார்ந்து எடுக்கிற முடிவு இல்லை. அதே மாதிரி போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக் பாட்டிலை எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கலக்கிய மருந்து சில நாளிலேயே வீரியம் இழந்துவிடும்.

குளிக்க வைக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதின் வாயில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார், குளித்ததும் எடுத்துவிட வேண்டும். செவிப்பறை மூடியது என்று அவர் பார்த்துச் சொல்கிறவரை நீச்சல் கிடையாது. மறுபடியும் வராமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டதற்கு, வீட்டில் யாரும் புகை பிடிக்கக் கூடாது, நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் தடுப்பூசியும் ஃப்ளூ தடுப்பூசியும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஆறு மாதத்துக்கு மேல் வாயில் நிப்பிள் வைத்துத் தூங்கப் பழக்காதீர்கள் என்றார். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைகளுக்கு இது குறைவாக வருகிறது என்பதும் உண்மை. மற்றபடி சளி பிடிக்காமல் ஒரு குழந்தையை வளர்க்க முடியாது, அதனால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

வலி போனதும் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். மனைவி திரும்பி வந்த பிறகு அவள்தான் முதலில் கவனித்தாள், குழந்தை டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாள், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதற்கும் "ஆங்?" என்கிறாள். பள்ளியிலிருந்தும், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அடம் பிடிக்கிறாள் என்று புகார் வந்தது. அடம் இல்லை, கேட்கவில்லை. கிருமி போன பிறகும் அந்த நீர் செவிப்பறைக்குப் பின்னால் வாரக்கணக்கில் நிற்கும், பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும், அதுவரை சத்தம் மங்கலாகக் கேட்கும். பேச்சு வளர்கிற வயதில் அது நீடித்தால் பேச்சையும் பாதிக்கும். அதனால் குணமான பிறகும் ஒரு தடவை காட்டுங்கள், காதில் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கிற டிம்பனோமெட்ரி என்ற பரிசோதனை இருக்கிறது, வலிக்காது, சில நொடிகளில் முடிந்துவிடும். மூன்று மாதம் தாண்டியும் நீர் நின்றால் கேட்கும் திறனைச் சோதிப்பார்கள், தேவைப்பட்டால் செவிப்பறையில் மிகச் சிறிய குழாய் வைப்பார்கள். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. அதுவரை நாங்கள் செய்தது, டிவியை அணைத்துவிட்டு, அவள் முன்னால் குனிந்து, முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினோம். பள்ளியிலும் டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னோம், முதல் வரிசையில், நல்ல காது அவர் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார வைத்தார், அதோடு அந்தப் புகார் நின்றது.